கலெக்டரின் சாணி மெத்தை

லுங்கி பேல் கட்டுகிற பிரஸ்ஸில் என் பாவா சாணி பிழிந்துகொண்டிருந்ததை நான் முதன்முதலில் பார்த்தது இரண்டாயிரத்து ஆறு, வைகாசி மாதம், காலை டிபன் முடித்த கையோடு. சாப்பிட்டது வெண்பொங்கல். அதற்கப்புறம் மூன்று மாதம் என் வீட்டில் யாரும் என் எதிரே பொங்கல் வைக்கவில்லை.

அந்த பிரஸ் எங்கள் நைனாவுடையது; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் வருகிற லுங்கிகளை அடுக்கி, மேலே இருக்கும் இரும்புச் சக்கரத்தை இரண்டு பேர் சேர்ந்து சுற்றினால், ஆள் உயரக் குவியல் இடுப்பளவு பேலாக இறங்கிவிடும். கல்கத்தா வரைக்கும் போன பேல்கள். அட்டைப்பெட்டிக் காலம் வந்தபின் அது எங்கள் திருத்தணிக் கடையின் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. பாவா கேட்டார், கொடுத்தேன். வாழ்க்கையில் நான் பேரம் பேசாமல் கை மாற்றிய ஒரே பொருள் அதுதான். மாட்டுக்குப் புல்லுக் கட்டு கட்டப்போகிறார் என்று நினைத்தது என் தப்பு.

கே.ஜி.கண்டிகையில் அவருடைய மாட்டுக் கொட்டகை வாசலில், மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாவா இது?"

"சாணி, மச்சான். இதுகூடவா தெரியாது உனக்கு?"

"சாணி தெரியுது. சாணிய சுத்திக்கினு இருக்கறது இன்னா?"

"உங்க கட லுங்கிதான். சாயம் ஓடிப்போச்சின்னு போன வருஷம் ஒரு கட்டு குடுத்தியே, அத்த பையா தெச்சிட்டேன். நல்ல சரக்கு மச்சான். எவ்ளோ அழுத்தினாலும் கிழியல."

நீலக் கட்டம் போட்ட பை சக்கரத்தின் கீழே நசுங்க நசுங்க, கட்டங்களின் வழியே பச்சையும் பழுப்புமாக ஒரு கஷாயம் ஒழுகியது. பையின் ஓரத்தில் எங்கள் கடை முத்திரை இருந்தது. அதில் நைனாவின் பெயர். அதன் மேலும் ஒழுகியது.

பாவா பெயர் வேதாசலம். என் அக்கா மனோரமாவின் புருஷன். அம்மையார்குப்பத்தில் எட்டு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவர், தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தமானதும், எட்டையும் விற்றுவிட்டுப் பதினான்கு சீமைப் பசுக்களை வாங்கினார். தறி வண்டி ஏறிப் போன அன்றைக்கு அக்கா அழுதாள். பண்ணை நொடித்துப் போனால் அவர் எங்கே வந்து நிற்பார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். என் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு லுங்கி பிரித்துக் காட்டுவார். தம்பியிடம் சம்பளம் வாங்குகிற புருஷனுக்குச் சோறு போடுவதை என் அக்காவால் தாங்கவே முடியாது. அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பண்ணையின் நோவு தரையிலிருந்து வந்தது. சிமெண்ட் தரையில் படுத்து எழுந்து மாடுகளின் முட்டியெல்லாம் வீங்கித் தோல் உரிந்துவிட்டது. வைக்கோல் போட்டால் படுக்கையையே தின்றன. மணல் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அப்போது சென்னைப் பக்கம் ஏதோ பயிற்சிக்குப் போன பாவா, வெளிநாட்டுப் பண்ணைகளில் மாட்டின் சாணியையே பிழிந்து, வேகவைத்து, காயவைத்து, அதற்கே மெத்தையாகப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"அங்க மிஷின்ல பண்றாங்க. நாம பிரஸ்ல பண்றோம். அவ்ளோதான்" என்றார்.

பிழிந்த தண்ணீர் வாய்க்கால் வழியாகப் புல்லுக்குப் போனது. பையில் மிஞ்சிய சக்கையை ஆள் உயரத்துக்குக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார். அது தானாகவே சூடாகும். குவியலுக்குள் ஒரு கடப்பாரை சொருகியிருந்தது.

"மூணு நாள் ஆச்சி. உருவித் தொட்டுப் பாரு மச்சான்."

தொட்டேன். அம்மா என்று கையை உதறினேன். கடப்பாரை அடுப்பில் கிடந்த மாதிரி கொதித்தது. தார்ப்பாயைத் தூக்கியதும் வெந்த ஆவி ஒன்று முகத்தில் அடித்தது. அந்த வாசனைக்கு நான் பெயர் வைக்க மாட்டேன். பெயர் வைத்தால் நினைவில் தங்கிவிடும்.

"இந்தச் சூட்டுல கிருமி சாவும். அப்புறம் திருப்பிப் போட்டு, வெயில்ல காயவச்சி, ரெண்டு விரக்கட ஒசரத்துக்குத் தூவணும். மாட்டுக்குப் பின்னாடி நனைஞ்சத தெனம் வாரிடணும். ஈரம் மட்டும் ஆவாது. ரூபஸ் டாக்டரு பாத்துட்டு சரின்னுட்டாரு."

ரூபஸ், கால்நடை டாக்டர். தாத்தா காலத்திலிருந்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள் குடும்பம், அதனால் மாட்டிடம்கூடத் திருத்தமாகப் பேசுவார். அவர் சரி என்றால் பாவாவுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

"மனுஷன் பாலுன்னு குடிக்கறது இந்த மாட்டுலர்ந்துதானே பாவா வருது? அது படுத்திருக்கறது அதோட..."

"நீ போட்டுக்கினு இருக்கற பனியன் எந்த ஆலையில யாரு வேர்வையில நெய்ஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன்.

நான் எதிர்பார்த்தபடி எதுவும் கெடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனி முடிவதற்குள் மாடுகளின் முட்டிகள் ஆறிவிட்டன. பகலெல்லாம் காலை மடக்கிப் படுத்து நிம்மதியாக அசைபோட்டன. அதிலும் 'கலெக்டர்' என்று ஒரு மாடு. கறுப்பும் வெள்ளையுமாக, மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம், ஒரு நாளைக்குப் பதினெட்டு லிட்டர். யார் வந்தாலும் எழுந்திருக்காது, தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும். அந்தப் பெயர் அதனால் வந்தது. அது சாணி மெத்தையில் சாய்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் மனு கொடுக்கத் தோன்றும். எனக்கு வாந்திதான் தோன்றியது.

ஆடி பிறந்த சில நாளில் கலெக்டரின் மடி கல்லானது. கறந்தால் பால் திரிதிரியாக விழுந்தது, இடையில் மஞ்சள் தண்ணீர். வாரத்துக்குள் இன்னும் இரண்டு மாடு. மடிநோய். பாவா பால் ஊற்றுகிற குளிரூட்டு நிலையத்திலிருந்து நாகேஷ் என்கிற ஆள் வந்தான். முப்பது வயது, நெற்றியில் விபூதி, கையில் நாலு குழி வைத்த பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒரு குழியில் பீய்ச்சி, ஊதாத் தண்ணி ஊற்றிச் சுழற்றினான். நல்ல பால் தண்ணீராகவே சுழலும். இது மூக்குச்சளி மாதிரி கெட்டியாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

"ஆடிக் கிருத்திகை முடிஞ்சி வருவேன்ங்க. அன்னிக்கும் இப்டி கெட்டியாச்சின்னா உங்க கேன் நம்பர லிஸ்ட்டுலர்ந்து அடிச்சிட வேண்டியதுதான். மேல அப்டி சொல்லிட்டாங்க" என்றான் நாகேஷ். போகும்போது கொட்டகைத் தரையை ஒருதரம் பார்த்தான். "இன்னாங்க, இதுலயா படுக்க வக்கிறீங்க? கர்மம்."

பதினைந்து நாள். அவ்வளவுதான் தவணை. ஊரில் வேறு யாரும் அவ்வளவு பாலை வாங்க மாட்டார்கள், ஏனென்றால் செய்தி அதற்குள் மலை மேல் வரைக்கும் போய்விட்டது. என் கடையில் ஊதா லுங்கி வாங்க வந்த ஒரு அம்மாள், "உங்க அக்கா வூட்டு மாடு சாணியத் துன்னுதாமே?" என்று கேட்டாள்.

"துன்னலம்மா. படுக்குது."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி, அந்தக் காரணத்துக்காகவே இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டாள். கொடுத்துத் தொலைத்தேன்.

அன்று சாயந்திரம் கடையில் ஒரு ஸ்டூலைத் துடைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டேன். பாவாவுக்கு. நல்ல எண்ணத்தில்தான் போட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கிருத்திகைக்குப் புதுத் துண்டு எடுக்க வந்த அக்கா அந்த ஸ்டூலைப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. துண்டையும் எடுக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நோய் கண்ட மாடு மூன்றிலிருந்து ஐந்தானது.

ரூபஸ் டாக்டர் காம்புக்குள் மருந்து ஏற்றினார். மருந்து போட்ட மாட்டின் பாலைத் தனியாகக் கறந்து குழியில் கொட்டச் சொன்னார். பிறகு கொட்டகை நடுவில் நின்று தாடையைச் சொறிந்தார்.

"வேதாசலம், படுக்கை காய்ந்திருந்தால் இது இப்படிப் பரவாது. எங்கேயோ ஈரம் சேர்கிறது."

"கர்த்தர் மேல ஆணையா காஞ்சிருக்கு டாக்டர்" என்றார் பாவா. டாக்டருக்காக அவருடைய சாமி மேலேயே சத்தியம் செய்தார். "சாயந்திரம் நானே தூவறேன். பொரி மாதிரி இருக்கு."

"தூக்கிக் கொட்டிட்டுப் போங்க பாவா" என்றேன் நான். "நாத்தம் புடிச்ச வேல. பேசாம கடைக்கு வாங்க."

பாவா என் பக்கம் மந்தக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டார். தூணோரம் நின்றிருந்த அக்காதான் சொன்னாள்.

"நூலுல ஈரம் இருக்குதான்னு கட்டவிரல வச்சே சொல்லுவியே. இத்தத் தொட்டுச் சொல்லு."

இது எங்கள் தொழில் வித்தை. நெசவுக்காரனுக்கு நூலை எடை போட்டுக் கொடுப்போம், துணியை எடை போட்டு வாங்குவோம். நடுவில் கொஞ்சம் நூலை ஒதுக்கிக்கொண்டவன், எடையைச் சரிக்கட்டத் துணிமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருவான். தராசு ஏமாறும், என் கட்டைவிரல் ஏமாறாது. ஆனால் அந்தக் கட்டைவிரலை நான் சாணியில் வைக்க வேண்டும் என்கிறாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலெக்டரும் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு, அது படுத்திருந்த இடத்தில் கையை விட்டேன். உதிரி உதிரியாக, வெதுவெதுப்பாக விரலிடுக்கில் புகுந்தது. முதுகெலும்பு வரைக்கும் கூசியது. ஆனாலும் பழகின விரல் தன் வேலையைச் செய்தது. அடியில் காய்ந்திருந்தது. மேலே ஈரம்.

"பாவா, மூத்திரம்னா அடியில ஊறணும். இது மேலாக்க ஈரம். யாரோ தெளிக்கறாங்க."

"தெளிக்கறாங்களா? யாரு?"

"மொதல்ல நெசவுக்காரனத்தான் சந்தேகப்படணும்" என்று பால் கறக்கிற முனியனைப் பார்த்தேன். முனியன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"இன்னா சார், நானே இந்தச் சாணிய வாரி வாரி சோறு எறங்காம கெடக்கறேன். அதுல தண்ணி வேற ஊத்துவனா?"

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் சரக்கை நேரில் நின்று பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். காவடிக்காரர்கள் மஞ்சள் உடுப்பில் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

என் அக்கா குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றி, பித்தளைக் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தில் அப்போதுதான் விழுந்த பச்சைச் சாணியைக் கரைத்து, மேலே மஞ்சள் பொடி. வேப்பிலைக் கொத்தை அதில் முக்கி முக்கி, கலெக்டரின் படுக்கைமேல் அழுந்தத் தெளித்தாள். வாய் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடாகப் போனாள். மடிநோய் கண்ட மாடுகளுக்கு மட்டும் இரண்டு தரம்.

"அக்கா!"

அவள் திடுக்கிடவில்லை. "கத்தாதடா. மாடு மெரளும்."

"இன்னா பண்ணிக்கினு இருக்க நீ?"

"பாத்தா தெரில? சுத்தம் பண்ணிக்கினு இருக்கேன்."

"சாணிமேல சாணிய ஊத்தி சுத்தம் பண்றியா?"

"வாய அலம்பிட்டுப் பேசு. இது பச்ச சாணி, மகாலட்சுமி. வாசல்ல தெளிக்கறோம், பூஜ ரூமுல மொழுவறோம். அது?" வேப்பிலையால் படுக்கையைக் காட்டினாள். அவள் உதடு அருவருப்பில் கோணியது. அப்படியொரு முகச்சுளிப்பை நான் என் முகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். "அது செத்த சாணிடா. பிழிஞ்சி, மூட்டம் போட்டு, ஆவி வர வேக வச்சி... பொணத்த எரிச்ச சாம்பல்ல படுக்க வக்கிற மாதிரி இருக்குது எனக்கு. அவருகிட்ட எப்டி சொல்றது? ஆடி பொறந்ததும் கிருத்திகைக்கு வேண்டிக்கினு தெளிக்க ஆரம்பிச்சேன்."

"அதுலர்ந்துதான் நோவே வந்துது!"

"நோவு வந்துதுன்னுதான் ஜாஸ்தியா தெளிச்சேன்." குடத்தை நங்கென்று கீழே வைத்தாள். "உன் கடையில அந்த ஸ்டூலப் பாத்துட்டு வந்தன்னிக்கி அரக் கொடம் முழுக் கொடமாச்சி. போதுமா?"

நான் துடைத்து வைத்த ஸ்டூல். அவள் முகத்தைப் பார்க்காமல் பாவாவுக்குக் குரல் கொடுத்தேன்.

பாவா எழுந்து வந்தார். ரூபஸ் டாக்டருக்கு செல்லில் பேசினார். டாக்டர் அக்காவிடம் போனிலேயே கால் மணி நேரம் கிருமியைப் பற்றிச் சொன்னார்: வெந்து செத்த கிருமியை ஒரு குடம் பச்சைச் சாணி திரும்பப் பிறக்க வைக்கிறது, ஈரம் அதற்குச் சோறு போடுகிறது. அக்கா, "ஆங்... ஆங்... சரிங்க டாக்டர்" என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்ததும் குடத்தை எடுத்தாள். அவருக்கென்ன தெரியும், அவர் வீட்டு வாசலில் தெளிப்பதே இல்லையே என்றாள்.

பாவா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இது டாக்டரால் ஆகிற காரியமில்லை, வியாபாரியால்தான் ஆகும் என்று எனக்குப் புரிந்தது.

"அக்கா, தெளிக்க வேணாம்னு சொல்லல. எங்க தெளிக்கறதுன்னு பேசிக்கலாம். ரோட்டு கேட்டாண்ட தெளி."

"கேட்டாண்ட மாடா படுக்குது? இந்தத் தூணாண்ட."

"தூணு உள்ள இருக்குது. கிணத்தாண்ட."

"தொட்டியாண்ட."

"தொட்டித் தண்ணிய மாடு குடிக்குதுக்கா. கொட்டகைக்கு வெளிய பத்து அடி."

"மூணு."

"எட்டு. மாட்டுக் காலு படாத எடம்."

"அஞ்சி. வெள்ளிக்கெழம கோலமும் போடுவேன்."

"கோலம் போட்டுக்கோ. ஆறு அடி, முடிஞ்சிது."

அக்கா யோசித்தாள். அவளும் நைனா வளர்த்த பெண்தான், கடைசியில் ஒன்று கொசுறு கேட்காமல் விட மாட்டாள்.

"உள்ள தெளிக்காம நான் உடணும்னா, அது சுத்தம்னு எனக்குத் தெரியணும். வைகாசிலர்ந்து மூக்க மூடிக்கினு சுத்தற நீதான் இப்ப சுத்தம்ன்ற. அப்ப நீ அதுல படு."

"இன்னா?"

"முனியா, நேத்து காயவச்சத ஒரு கூட எடுத்தா. கலெக்டர் பக்கத்துல போடு. சார் படுப்பாரு."

பாவா நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்த்தபின் என்னால் பேரத்தை முறிக்க முடியவில்லை.

முனியன் ஈரத்தையெல்லாம் வாரிவிட்டுப் புதிதாகத் தூவினான். கொஞ்சம் தாராளமாகவே தூவினான், என்மேல் அவனுக்கு ஒரு பாக்கி இருந்தது. நான் சட்டையைக் கழற்றி மடித்துத் தூணில் மாட்டினேன். துண்டை விரிக்கப் போனேன்.

"மாட்டுக்குத் துண்டு போடறமா?" என்றாள் அக்கா.

துண்டை அவளிடமே கொடுத்துவிட்டு, வெறும் முதுகோடு படுத்தேன்.

முதலில் உடம்பிலிருந்த ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எழுந்து நின்றது. இது என்ன என்று தெரிந்த தோல், இது என்ன என்று தெரிந்த மூளை, இரண்டும் சேர்ந்து என்னை எழுப்பப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? விட்டு இழுத்தேன். காய்ந்த புகையிலையும் கொஞ்சம் புது மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நாற்றமில்லை. நாற்றம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், நான் சொன்னது சரியாகப் போயிருக்கும். பக்கத்தில் கலெக்டர் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் திருப்பி, அரத்தைப் போன்ற நாக்கால் என் வழுக்கையை ஒருமுறை நக்கியது. அதன் எச்சில் காதுக்குள் இறங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

எழுந்தபோது அக்கா குடத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

கிருத்திகை முடிந்து மூன்றாம் நாள் நாகேஷ் வந்தான். நான்தான் மாட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கலெக்டரின் ஒரு காம்பு சுருங்கி, பாலே இல்லாமல் போய்விட்டது. அது இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த மூன்று காம்பிலிருந்தும் மூன்று குழியில் பீய்ச்சினான். ஊதாத் தண்ணி ஊற்றினான். சுழற்றினான். அக்கா ஆறு அடிக்கு அப்பால், தன் கோலத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் தண்ணீராகச் சுழன்றது. அடுத்த மாடும். அதற்கடுத்ததும். பதினான்கையும் பார்த்துவிட்டு நாகேஷ் நோட்டில் கையெழுத்துப் போட்டான்.

"நம்பர அடிக்கல. எப்பவும்போல கேன் அனுப்புங்க."

"காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அக்கா. அவள் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

நாகேஷ் கொட்டகைத் தரையை இன்னொரு தரம் பார்த்தான். "பால் சுத்தம்தாங்க. ஆனா காபி வேணாம்" என்று வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டான்.

கலந்த காபியை அக்கா என் முன்னால் நீட்டினாள். வேறு வழியில்லாமல் வாங்கினேன்.

"ஒரே மடக்குல குடிக்காத, சுடும்" என்றார் பாவா. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "படுத்த எடத்துல குறட்ட உட்டவன்தானே நீ. காபிக்கு இன்னா கூச்சம்?"

"நான் எங்க குறட்ட உட்டேன்?"

"முக்கா மணி நேரம் சார்" என்றான் முனியன். "கலெக்டரே எழுந்து தள்ளிப் படுத்துக்கிச்சி."

நான் மறுத்தேன். இன்றுவரை மறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்டூலை மறுநாளே கடையிலிருந்து எடுத்துப் பின்கட்டில், பிரஸ் இருந்த இடத்தில் போட்டுவிட்டேன். அந்தத் தூக்கம் மட்டும் எங்கே போட்டாலும் போவதில்லை. வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையில் புரண்டு படுக்கும்போதெல்லாம், அதைவிட அது நன்றாக இருந்ததே என்று முதுகு சொல்கிறது. உடனே எழுந்து போய்க் குளிக்கிறேன்.